சனிக்கிழமைத் துண்டு

தண்டர் பே, ஒன்டாரியோ
செப்டம்பர் 8

மார்யா,

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. பதினொரு முறை அடித்துப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மில்லில் ஏழு வருஷமும் படிவம்தான் நிரப்பினேன். மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று. மில் வேலையை விட்டுவிட்டேன். அழுத்த மானியைக் கழற்றி மேஜையில் வைத்தால் முள் எங்கே நிற்கிறது என்று தெரிகிறது, ஆனால் அது சரியா தப்பா என்று மண்டையில் ஏறுவதில்லை. அப்படி ஒருத்தன் அந்த வேலையில் இருக்கக்கூடாது. போன வாரம் கல்லூரியில் சேர்ந்தேன். வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குத் துணையாக இருக்கும் வேலைக்கான படிப்பு. இரண்டு வருஷம்.

இரண்டு. உங்கள் தம்பி ஓலவியைப் பார்க்க என்னை விட வேண்டும். நான் வந்தால் அவர் தலையைக் கார் கண்ணாடியில் இடித்துக்கொள்கிறார் என்று ஏப்ரலில் நீங்கள் அவர் இருக்கும் விடுதிக்கு எழுதிக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து என்னை வாசற்படியோடு அனுப்பிவிடுகிறார்கள். கிர்ஸ்தி இருந்தவரை அவருக்காக அக்கா, தங்கை இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். இப்போது உங்களுடையது மட்டும்தான்.

மூன்று. கிர்ஸ்தி செத்து ஏழு மாதம் ஆகிறது. அவள் அண்ணனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. கேட்டால் 'வேலைக்குப் போயிருக்கா' என்கிறார்கள். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. ஓலவிக்கு விஷயம் தெரிய வேண்டும். நான் சொல்கிறேன். எழுத்தில் அனுமதி தாருங்கள்.

தாரஸ்


யெல்லோநைஃப்
செப்டம்பர் 18

தாரஸ்,

நம்பர் போட்டு எழுதியிருக்க. இது என் தங்கச்சி புருஷன் எழுதுன லெட்டரா, பாய்லர் ரிப்பேர் பண்ண வந்தவன் கொடுத்த பில்லா?

நானும் நம்பர் போட்டே சொல்றேன். ஒண்ணு, நீ எந்த வேலையை விட்டாலும் எனக்கென்ன. ரெண்டு, முடியாது. மூணு, முடியவே முடியாது.

உனக்கு இப்ப என்ன திடீர்னு ஓலவி மேல பாசம்? கிர்ஸ்தி ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனைக் கூட்டிட்டு வந்து உங்க வீட்டு சௌனாவுல, அந்த நீராவிக் குளியல் ரூம்ல, உட்கார வைப்பா. நீ விறகு வெட்டிப் போட்டுட்டு ஹாக்கி பார்க்கப் போயிடுவன்னு அவளே சொல்லியிருக்கா. இப்ப காலேஜுல சேர்ந்து, கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு, முன்வாசல்ல விடலைன்னா பின்வாசல் வழியா நுழையலாம்னு பார்க்கிற. எனக்குத் தெரியாதா? முப்பத்தியாறு வருஷமா அவன் என் தம்பி. நீ ரெண்டு வாரம் பாடம் படிச்சுட்டு அவனை 'அவர்'ங்கிற. சிரிப்புதான் வருது.

அப்பா செத்தப்போ நான்தான் அவன்கிட்ட சொன்னேன். நீ அப்ப எங்க குடும்பத்துலயே இல்ல. முட்டி போட்டு, ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "அப்பா செத்துட்டார் ஓலி"ன்னு சொன்னேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் கேட்டான், "பெர்சியன்?" அந்த இளஞ்சிவப்பு க்ரீம் தடவுன பன் இருக்கே, அது வேணுமாம். சர்ச்சுல அத்தனை பேர் முன்னாடி, பெட்டி திறந்து கிடக்கு, இவனுக்கு பன். என் பின்னாடி யாரோ சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

அவனுக்குச் சாவுன்னா தெரியாது. தெரியாததைச் சொல்லி அவனை ஏன் அடிக்கணும்? விடு அவனை.

இங்க சுரங்கத்து கேம்ப்ல காலையில முந்நூத்தி நாப்பது முட்டை உடைக்கணும். உனக்கு லெட்டர் எழுதறது என் வேலை இல்ல.

மார்யா


தண்டர் பே
செப்டம்பர் 29

மார்யா,

எங்களுக்கு முதலில் கற்றுத்தருவது அறிக்கை எழுதுவது. ஆசிரியை க்ளெண்டா இருபத்தெட்டு வருஷம் விடுதிகளில் வேலை பார்த்தவர். என் முதல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு நடுவே கேட்டார்.

"'கோபமாக இருந்தார்'னு எழுதியிருக்கியே. கோபத்தை எங்கப்பா பார்த்த? மூக்குலயா, காதுலயா?"

"கதவை அடிச்சார்."

"எத்தனை தடவை?"

"மூணு."

"அதை எழுது. கோபம் உன்னோடதா இருக்கலாம்."

அதனால் நேற்று என் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். செப்டம்பர் 28, சனி. நான் விடுதிக்குள் போகவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்பதற்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை.

2.40: வாசல் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் ஓலவி வந்து நின்றார். பூட்ஸ் போட்டிருந்தார். கக்கத்தில் சுருட்டிய துண்டு, நீலக் கோடு போட்டது.

3.00: கிர்ஸ்தியின் கார் வரும் நேரம். காலை மாற்றி மாற்றி வைத்தார்.

3.25: தலையைக் கதவில் இடித்தார். நான்கு முறை. விடுதியில் வேலை பார்க்கும் ட்ரூடி ஒரு டம்ளர் தண்ணீரும் சின்னக் காகிதக் கிண்ணமும் கொண்டுவந்தாள். குடித்தார்.

4.10: கதவுச் சட்டத்தில் சாய்ந்தார். துண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை.

ட்ரூடி குப்பைப் பையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள்.

"இதை நான் உங்கிட்ட சொல்லக்கூடாது."

"அப்ப சொல்லாதே."

"சனிக்கிழமைக்குன்னு தனியா ஒரு மாத்திரை. ஜூன்லேர்ந்து. அக்கா கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அவர் கேட்டா என்ன சொல்றீங்க?"

"என்னத்தச் சொல்றது? எழுதி ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்கு. கிர்ஸ்தி வேலைக்குப் போயிருக்கிறாள். எல்லாரும் அதையே சொல்லணுமாம், வார்த்தை மாறக்கூடாதாம்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்பார்?"

"எண்ணுறதை விட்டுட்டேன் தாரஸ்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தொட்டியில் போட்டாள்.

மில்லில் ஒருத்தன் இருந்தான். கொதிகலன் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டான். சத்தம் நின்றது. அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்கள் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள், கையெழுத்துப் போட்டு.

உங்கள் பன் கதை. கிர்ஸ்தியும் அதை என்னிடம் சொல்லியிருக்கிறாள், ஆனால் முழுதாகச் சொன்னாள். உங்கள் அப்பா உயிரோடு இருந்தபோது சனிக்கிழமை தவறாமல் அந்தப் பன்னை வாங்கி வந்தது யார்? அவர்தானே? அப்பா செத்துவிட்டார் என்றதும் 'பெர்சியன்?' என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? இனி யார் வாங்கி வருவார்கள் என்றுதான். அத்தனை பேர் இருந்த சர்ச்சில் சரியான கேள்வியைக் கேட்டது அவர் ஒருத்தர். நீங்கள் பின்னாலிருந்து வந்த சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொன்று. சௌனாவில் அடுப்பின் சூடான கல்லின் மேல் தண்ணீர் ஊற்றுவது ஓலவியின் வேலை. மரக்கரண்டியை வேறு யாரும் தொடக்கூடாது. முதல் கரண்டி ஊற்றி "அம்மா" என்பார். அடுத்தது "அப்பா." அப்புறம் நிறுத்துவார். நீராவி அடங்கும்வரை காத்திருப்பார். பிறகுதான் "கிர்ஸ்தி, தாரஸ், ஓலவி." முதலில் இல்லாதவர்கள், பிறகு இருப்பவர்கள். ஆமாம், ஹாக்கி பார்க்கப் போவேன். ஆனால் அந்தக் கரண்டித் தண்ணீருக்கு உள்ளே இருந்துவிட்டுத்தான் போவேன். சாவு தெரியாதவருக்கு அந்த நிறுத்தம் எப்படித் தெரிந்தது? உங்கள் பெயருக்கு அவர் ஊற்றி நான் பார்த்ததில்லை. அது ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக என் தப்பு ஒன்று. பயிற்சிக்கு என்னைப் பகல்நேர மையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே லோர்ன் என்று ஒருவர், ஐம்பத்தெட்டு வயது. தன் ஜாக்கெட் ஜிப்பைத் தானே போட்டுக்கொள்வார். பத்து நிமிஷம் ஆகும். போன வியாழக்கிழமை பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. நான் குனிந்து ஒரே இழுப்பில் போட்டுவிட்டேன். லோர்ன் ஜிப்பைக் கீழே இறக்கினார். ஜாக்கெட்டைக் கழற்றினார். தரையில் உட்கார்ந்துவிட்டார். பஸ் போய்விட்டது.

"பஸ் நின்னுட்டிருந்தது க்ளெண்டா."

"நீ பஸ்ஸுக்கா வேலை செய்யற?"

"உதவிதானே பண்ணேன்?"

"அவர் கையில இருந்த வேலையைத் திருடிட்ட. எங்க தொழில்ல இதைவிடப் பெரிய திருட்டு கிடையாது. போய்ப் பக்கத்துல உட்காரு. பேசாதே."

நான் லோர்னிடமிருந்து ஒரு ஜிப்பைத் திருடினேன். நீங்கள் ஓலவியிடமிருந்து ஒரு சாவைத் திருடி வைத்திருக்கிறீர்கள். அவர் தங்கை செத்ததற்கு அவர்தான் அழ வேண்டும், நீங்கள் மாத்திரை கொடுத்து அமுக்கக்கூடாது.

தாரஸ்


யெல்லோநைஃப்
அக்டோபர் 8

திருடின்னு எழுதியிருக்க. சரி, திருட்டைப் பத்தியே பேசுவோம்.

பிப்ரவரி ஆறாம் தேதி. நிப்பிகன் ரோட்டுல லாரி சறுக்கி அவ கார் மேல ஏறிடுச்சுன்னு நீ போன் பண்ண. உன் குரல் எப்படி இருந்துச்சு தெரியுமா? நாளைக்கு மின்சாரம் இருக்காதுன்னு சொல்ற மாதிரி. நான் கேம்ப்ல இருந்தேன். வெளியில காத்து ஆளைத் தூக்குது, மைனஸ் நாப்பத்திரெண்டு, ப்ளேன் பறக்காதுன்னுட்டாங்க. உங்கிட்ட சொன்னேனா இல்லையா? "இருடா, நான் வந்துடறேன், என்ன ஆனாலும் வந்துடறேன்"னு மூணு தடவை சொன்னேன். நீ "சரி"ன்னே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து இறங்குனேன். நாலு நாள்ல எல்லாத்தையும் முடிச்சிட்ட. ஏர்போர்ட்லேர்ந்து நேரா வந்தவ கையில ஒரு சாம்பல் பெட்டியைக் கொடுத்த. எங்க கிச்சன்ல தக்காளி டின் வருமே, அந்த அளவு. நான் அடியில கை வெச்சுப் பார்த்தேன், சூடா இருக்கான்னு. பைத்தியக்காரி மாதிரி.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தா நான் அவ முகத்தைப் பார்த்திருப்பேன். அவ பிறந்தப்ப அம்மா கையிலேர்ந்து முதல்ல வாங்குனவ நான். எனக்குப் பதினாலு வயசு. கடைசியில பார்க்க விடல நீ. அவ என் கையில இருந்த வேலை இல்லையா? உங்க க்ளெண்டாகிட்ட கேளு, அதுக்கு என்ன பேர்னு.

அப்பாவைப் பெட்டியில பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். மூக்கு வெளுத்துப் போய், வேற யாரோ மாதிரி. பார்த்தாத்தான் தாரஸ் நம்ப முடியும். பார்க்காம எப்படி நம்பறது? எனக்கே இன்னும் அவ செத்தது தெரியல. முட்டை உடைக்கிறப்ப, இந்த வாரம் அவளுக்குப் போன் பண்ணணும்னு தோணுது. எனக்கே தெரியாததை நான் எப்படிடா அவனுக்குச் சொல்றது?

அந்த ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்கே, நான்தான் எழுதிக் கொடுத்தேன். கிர்ஸ்தி வேலைக்குப் போயிருக்கிறாள். உலகத்துலயே அந்த ஒரு வீட்டுலதான் அவ இன்னும் வேலைக்குப் போயிருக்கா. அதையும் கிழிச்சுப் போடணுமா உனக்கு? மத்த எல்லாத்தையும்தான் எரிச்சிட்டியே.

மாத்திரை, அவன் மண்டை உடையக்கூடாதுன்னு. போன்ல கேட்டாங்க, பேப்பர் அனுப்புனாங்க, போட்டேன். நீயும்தான் நீட்டுன பேப்பர்ல எல்லாம் போட்ட. நம்ம ரெண்டு பேருக்கும் கையெழுத்து மட்டும் நல்லா வருது.

இனிமே எழுதாதே.

மார்யா


தண்டர் பே
அக்டோபர் 16

மார்யா,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். இது ஒன்று மட்டும். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நீங்கள் சொன்னது சரி. தகன நிலையத்து மனிதர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "வியாழக்கிழமை வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். மில்லில் ஒரு பம்பை நிறுத்துவதற்குத் தேதி கேட்பது மாதிரி இருந்தது. "சரி" என்றேன். உங்களிடமும் "சரி" என்றுதான் சொல்லியிருந்தேன். இரண்டு சரியும் ஒன்றாக இருக்க முடியாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் எனக்கு எதுவும் தெரியவில்லை. அதை நான் காரணமாகச் சொல்லவில்லை. நான் உங்களிடமிருந்து திருடினேன். திருப்பிக் கொடுக்க முடியாத பொருள்.

அவளைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் பார்த்ததை எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நிப்பிகன் ஆஸ்பத்திரி. பின்பக்க அறை. பிப்ரவரி 6, மாலை 5.20. கழுத்துவரை வெள்ளைப் போர்வை. இடது புருவத்துக்கு மேல் ஒரு வெட்டு, சுண்டுவிரல் நீளம். ரத்தம் துடைத்திருந்தார்கள். முடியில் கண்ணாடித் தூள், விளக்கு வெளிச்சத்தில் சர்க்கரை மாதிரி. வலது காதில் தோடு இல்லை. மூக்கு வெளுத்துத்தான் இருந்தது, நீங்கள் சொன்னது போல. ஆனால் வேறு யாரோ மாதிரி இல்லை. அவளாகத்தான் இருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நாம் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஏதோ சொல்ல வருவாளே, அப்படி. போர்வைக்கு வெளியே ஒரு கை. நீங்கள் அங்கிருந்து அனுப்பிய மூஸ் மான் தோல் கையுறை அதில் இருந்தது. இன்னொன்று காரில் எங்கோ. நர்ஸ் கழற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதையாவது ஒழுங்காகச் செய்தேன். உங்கள் கையுறையோடுதான் போனாள்.

கன்னத்தைத் தொட்டேன். மில்லில் வெளியே கிடக்கும் குழாய் மாதிரி இருந்தது. அவள் செத்துவிட்டாள், மார்யா. நான் பார்த்தேன்.

இன்னொரு திருட்டும் சொல்லிவிடுகிறேன். 'வேலைக்குப் போயிருக்கா' என்ற வாக்கியம் உங்களுடையது என்று இத்தனை கடிதத்திலும் எழுதினேன். பொய். நீங்கள் எழுதிக் கொடுப்பதற்கு முன்பே, அடுத்த சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். ஓலவி என் முதுகுக்குப் பின்னால் காரைப் பார்த்தார். "கிர்ஸ்தி?" என்றார். அந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. அந்த ஒரு நிமிஷம் நானும் அதை நம்பினேன். நீங்கள் அதைக் காகிதத்தில் எழுதினீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் வந்து சொல்லுங்கள். இல்லாவிட்டால் என்னைச் சொல்ல விடுங்கள். இரண்டில் ஒன்று. மூன்றாவதாக அவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டாம்.

தாரஸ்


யெல்லோநைஃப்
அக்டோபர் 24

தாரஸ்,

கையுறையை நான் மறந்தே போயிட்டேன். இங்க ஒரு டெனே பழங்குடி அம்மா தெச்சுக் கொடுத்தது. கிர்ஸ்தி கை சின்னதுன்னு சொல்லி ரெண்டு தடவை அளவைக் குறைச்சேன்.

உன் லெட்டரை சமையல் ஸ்டோர் ரூம்ல, மாவு மூட்டை மேல உட்கார்ந்து படிச்சேன். மதியச் சாப்பாடு லேட்டாச்சு. சுரங்கத்துக்காரன் அறுபது பேர் தட்டோட நிக்கிறானுங்க. ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. என் மூஞ்சி அப்படி இருந்திருக்கும்.

கவர்ல ரெண்டு பேப்பர் இருக்கு. ஒண்ணு, உன்னை உள்ள விடச் சொல்லி. இன்னொண்ணு, சனிக்கிழமை மாத்திரையை நிறுத்தச் சொல்லி. ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டாச்சு. விடுதிக்கும் ஒரு காப்பி போயிருக்கு.

சொல்லு. நீயே சொல்லு. தூங்குறான்னு சொல்லாதே, ராத்திரி படுக்க மாட்டான். மேல போயிட்டான்னு சொல்லாதே, மாடிக்குப் போய்த் தேடுவான். உங்க க்ளெண்டாவும் அதைத்தான் சொல்லியிருப்பா, ஆனா எனக்கு க்ளெண்டா சொல்லித் தர வேண்டியதில்ல. மார்யா சொல்லச் சொன்னான்னு சொல்லு. அது முக்கியம். நான் சொல்லச் சொன்னேன்னு அவனுக்குத் தெரியணும்.

நான் வரல. இங்க ஆள் இல்ல, ஒருத்தி பிரசவத்துக்குப் போயிட்டா. அப்புறம் பார்க்கலாம்.

உன் போனை எடுக்காததுக்கு கோபம் மட்டும் காரணம் இல்ல. நீ பேசுறப்பல்லாம் பின்னாடி அவ சத்தம் கேக்கும், "அக்காவா? குடு, குடு"ன்னு. இப்ப எடுத்தா அது கேக்காது.

உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே.

மார்யா


தண்டர் பே
நவம்பர் 3

மார்யா,

நேற்று நடந்ததை எழுதுகிறேன். பார்த்ததும் கேட்டதும் மட்டும்.

2.50-க்கு விடுதிக்குப் போனேன். உள்ளே விட்டார்கள். மாத்திரை கொடுக்கவில்லை என்று ட்ரூடி பதிவேட்டைக் காட்டினாள். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிய்த்து நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "இதை இங்க வெச்சுக்க எனக்கு இஷ்டமில்ல," என்றாள். ஓலவி வாசலில் இருந்தார். பூட்ஸ், துண்டு. என்னைப் பார்த்தார், பின்னால் காரைப் பார்த்தார். "கிர்ஸ்தி?"

"வாங்க, வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்," என்றேன்.

காரில் தலையை இடித்துக்கொள்ளவில்லை. துண்டை மடியில் வைத்திருந்தார்.

காலையிலேயே சௌனா அடுப்பை மூட்டியிருந்தேன். சட்டை கழற்றும் முன்னறைப் பலகையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். என்னென்ன சொல்ல வேண்டும் என்று க்ளெண்டாவிடம் கேட்டு எழுதி வைத்திருந்தேன். அவர் படித்துப் பார்த்து ஒரு வரியைத் தவிர எல்லாவற்றையும் அடித்துவிட்டார். "இதைச் சொல்லு. அப்புறம் வாயை மூடு. அதுதான் கஷ்டமான பகுதி."

"கிர்ஸ்தி செத்துட்டா ஓலவி. கார் மேல லாரி மோதிடுச்சு. மார்யா உங்ககிட்ட சொல்லச் சொன்னா."

"வேலைக்கு."

"இல்ல. வேலைக்குப் போகல. செத்துட்டா."

"சனிக்கிழமை வரும்."

"சனிக்கிழமை வரும். அவ வரமாட்டா."

வாயை மூடிக்கொண்டேன். சுவரில் தொங்கும் மணல் கடிகாரம் ஒரு முறை முழுதாக இறங்கியது. பதினைந்து நிமிஷம். அவர் துண்டைப் பிரித்தார், சுருட்டினார், பிரித்தார்.

"பொய்," என்றார்.

"இது பொய் இல்ல. முன்னாடி சொன்னதுதான் பொய்."

"யாரு?"

"எல்லாரும். நானும்."

அறைந்தார். இடது கன்னம், ஒரு முறை, திறந்த கை. காதுவரை வலித்தது. ஏன் அறைந்தார் என்று எழுத க்ளெண்டா விடமாட்டார். பிப்ரவரியிலிருந்து எனக்கு எதுவும் வலித்ததில்லை. அதை மட்டும் எழுதுகிறேன்.

பிறகு அவர் அழுதார். சத்தமாக, வாயைத் திறந்துகொண்டு, அப்பா செத்த அன்று நீங்கள் எதிர்பார்த்த மாதிரி. நானும். யார் முதலில் நிறுத்தினோம் என்று தெரியவில்லை. அடுப்பில் விறகு போடாமல் விட்டதில் சூடு இறங்கிவிட்டது. திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது.

உள்ளே போய் மேல்பலகையில் உட்கார்ந்தோம். கரண்டியை எடுத்தார்.

"அம்மா." ஊற்றினார். கல் சீறியது.

"அப்பா."

இங்கேதான் எப்போதும் நிறுத்துவார். நிறுத்தவில்லை.

"கிர்ஸ்தி."

அப்புறம் நிறுத்தினார். நீராவி அடங்கும்வரை காத்திருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜாடை காட்டவில்லை. இதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சாவு தெரியாதவன் என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

"தாரஸ்." "ஓலவி."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்னொரு கரண்டி மொண்டார். தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். தண்ணீர் அவர் முட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மார்யா?"

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எந்த வரிசை என்று கேட்கிறார்.

"இருக்கா," என்றேன். "மார்யா உயிரோட இருக்கா."

"எங்க?"

"வேலைக்கு..." என்று ஆரம்பித்தேன். அத்தோடு நின்றுவிட்டது. நீங்கள் உண்மையாகவே வேலைக்குத்தான் போயிருக்கிறீர்கள். ஆனால் அந்த வாக்கியத்தை நாம் ஒன்பது மாதம் அவரிடம் சொல்லித் தீர்த்துவிட்டோம். இனி அது அவரிடம் செல்லாது. என் முகத்தையே பார்த்தார். பிறகு கரண்டித் தண்ணீரைக் கல்லில் ஊற்றாமல் வாளியிலேயே திருப்பி ஊற்றிவிட்டார்.

ட்ரூடி கொடுத்த காகிதத்தை அடுப்பில் போடத்தான் பையிலிருந்து எடுத்தேன். போட முடியவில்லை. கிர்ஸ்தி கடைசியாக வேலைக்குப் போயிருந்த இடம் அது. இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், உங்கள் கையெழுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்பில் ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் விடுப்பு என்பது எனக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமையும் அவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கேட்பார். அதற்கு அடுத்த வாரமும் கேட்பார். நான் பதில் சொல்லப் போவதில்லை. அது உங்கள் கையில் இருக்கிற வேலை, நான் திருட மாட்டேன். பார்க்காமல் எப்படி நம்புவது என்று கேட்டது நீங்கள்தானே. அவரும் அதைத்தான் கேட்கிறார்.

வந்து முகத்தைக் காட்டுங்கள்.

தாரஸ்